எம்.எஸ்சி. பயோடெக்: அட்வான்ஸ் கட்டும் முன்

பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் முடிவதற்குள்ளேயே போன் வந்துவிடும். "சீட் கொஞ்சம்தான் இருக்கு தம்பி, இந்த வாரமே அட்வான்ஸ் போட்டுட்டா ஃபீஸ்ல சலுகை உண்டு" என்று ஒரு குரல் சொல்லும். செஞ்சிப் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டையும் போட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்த வீட்டில் அன்று இரவே பேச்சு ஆரம்பிக்கும். ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு, பேங்கில் கடன் கொடுப்பார்களா என்று பேச்சு பணத்தையே சுற்றிவரும். பணம் முக்கியம்தான், அதற்கும் வருவோம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு. படித்து முடித்ததும் ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போய்த் தங்கி, நைட் ஷிஃப்டும் பார்க்கப் பிள்ளை தயாரா? அனுப்ப வீடு தயாரா?

இதற்கு 'இல்லை' என்பது பதிலானால், பிஎச்.டி. வரை போகும் எண்ணமும் இல்லையானால், தனியார் பல்கலைக்கழகத்தில் அத்தனை பணம் கொட்டி எம்.எஸ்சி. பயோடெக் படிக்க வேண்டாம். ஏன் என்று பார்க்கலாம்.

வேலை இருக்கும் திசை

செஞ்சிக்கு ரயில் இல்லை. எங்கே போனாலும் முதலில் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். அந்த வழியிலேயே பயோடெக் வேலை எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம்.

திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை, எள் ரகங்கள் அங்கே உருவானவை. நம் வயலுக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பதைப் பார்த்து, பயோடெக் படித்தால் அங்கே உள்ளே போய்விடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. போக முடியாது. வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர், விஞ்ஞானி பணிகளுக்கு வேளாண் பட்டம் வேண்டும். கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. பயோடெக் முடித்து, மேலே எம்.எஸ்சி. பயோடெக் சேர்த்தாலும் அந்தக் கதவு திறக்காது. வேளாண் அலுவலர் வேலைக்கும் இதே கதைதான்.

கிழக்கே திரும்பினால் புதுச்சேரி. அங்கே ஐ.சி.எம்.ஆரின் வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்குகிறது. கொசு, உண்ணி என நோய் பரப்பும் உயிரிகளை ஆராயும் இடம். டெங்குவைத் தடுக்க வோல்பாகியா பாக்டீரியா புகுத்திய கொசுக்களை உருவாக்கியதாக 2022இல் செய்தியில் அடிபட்டது இந்த மையம்தான். பொது சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. படிப்பும் அங்கே உண்டு. பக்கத்தில் ஜிப்மர், கொஞ்சம் தள்ளிப் புதுவைப் பல்கலைக்கழகம். செஞ்சியிலிருந்து 70 கிலோமீட்டருக்குள் நிஜமான ஆய்வு நடக்கும் இடங்கள் இவை. பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை.

சென்னைப் பக்கம் போனால் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஹெச்.எல்.எல். பயோடெக் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் வரும். பல நூறு கோடி ரூபாயில் மத்திய அரசு கட்டியது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். அப்போதும் அங்கே உற்பத்தி ஓடவில்லை. வழியில் பிரம்மாண்டமாக ஒரு வளாகத்தைப் பார்த்து, 'நம்ம ஊர்ப் பக்கமே தடுப்பூசி ஆலை இருக்கே' என்று கணக்குப் போடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் மேலே போனால் தரமணியில் டைசல் பயோபார்க், சிறுசேரியில் பெண்களுக்கான பயோடெக் பூங்கா, கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட். வேலை இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பயோடெக் பட்டத்தோடு வெளியே வருபவர்கள் அனைவருக்கும் சென்னையில் இடமில்லை.

தடுப்பூசி, இன்சுலின், உயிரி மருந்து என்று தொழிற்சாலை அளவில் நடப்பது பெரும்பாலும் வெளியேதான். ஹைதராபாத்தின் ஷாமீர்பேட் பக்கம் ஜீனோம் வேலி, அங்கே பாரத் பயோடெக். அதே ஊரில் பயலாஜிக்கல் இ. பெங்களூரில் பயோகான், சின்ஜீன். புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட். ஐ.டி.க்குப் போன பையனுக்கு எப்படிச் சோழிங்கநல்லூரோ, பயோடெக் படித்தவருக்கு அப்படி ஹைதராபாத். 'பொண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது' என்று தயங்கும் வீடு, அந்தத் தயக்கத்தை இரண்டு வருட ஃபீஸ் கட்டிய பிறகு பேசுவதில் பயனில்லை. இன்று இரவே பேசுங்கள்.

பட்டம் எதைத் திறக்கும், எதைத் திறக்காது

விளம்பரத் தாளில் எழுதாத சிலவற்றை இங்கே சொல்லிவிடலாம்.

அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியர் பணி அறிவிப்பு பெரும்பாலும் தாவரவியல், விலங்கியல் என்றுதான் வரும். எம்.எஸ்சி. பயோடெக் அதற்கு இணையா என்பதை உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணைதான் தீர்மானிக்கும், உங்கள் துறைத் தலைவர் அல்ல. 'ஈக்வலண்ட் தாம்மா' என்று யார் சொன்னாலும், எந்த அரசாணை, எந்த ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று கேளுங்கள். தாளில் காட்டினால் நம்புங்கள். பி.எட். முடித்து வாத்தியார் வேலைக்குப் போவதுதான் உண்மையான ஆசை என்றால், திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை அரசுக் கலைக் கல்லூரிகளில் தாவரவியலோ விலங்கியலோ வேதியியலோ படிப்பது கையைக் கடிக்காது, தகுதிச் சிக்கலும் இருக்காது.

அரசு மருத்துவமனை ஆய்வக நுட்பநர் வேலைக்கு டி.எம்.எல்.டி. போன்ற படிப்பைக் கேட்பார்கள். எம்.எஸ்சி. பயோடெக் கையில் இருந்தும் விண்ணப்பிக்க முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து ஆய்வாளர் பணிக்கு முதன்மையாகப் பார்மசி பட்டம் வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியில் மட்டும் நல்ல செய்தி: மத்திய விதிகளில் பயோடெக்னாலஜி பட்டமும் தகுதிப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதற்கு இளநிலையே போதும். குரூப் 2க்கு எந்தப் பட்டமும் சரி. இவற்றுக்காக எம்.எஸ்சி.க்குச் செலவழிக்கத் தேவையில்லை.

மெடிக்கல் கோடிங்கும் அப்படியே. சென்னையில் லைஃப் சயின்ஸ் பட்டதாரிகளை வரிசையாக எடுத்துக்கொள்ளும் துறை அது. அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை. பி.எஸ்சி.யோடு சேரலாம். சி.பி.சி. சான்றிதழ் வாங்கினால் சம்பளம் ஏறும். எம்.எஸ்சி. பயோடெக் முடித்தவரும் கடைசியில் அதே நாற்காலியில்தான் உட்காருகிறார், இரண்டு வருடம் தாமதமாக, கடனோடு. அந்த வேலை தாழ்வானது என்று சொல்லவில்லை. அதற்குப் போவதென்றால் இப்போதே போகலாம் என்கிறேன்.

அப்படியானால் எம்.எஸ்சி. எதற்கு? இரண்டு காரியங்களுக்கு. ஒன்று, பிஎச்.டி., அதன் வழியே கல்லூரி, ஆய்வு நிறுவனம், கம்பெனியின் ஆர் அண்ட் டி. இன்னொன்று, தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாடு, உற்பத்தி, செல் கல்ச்சர் பிரிவுகளில் பி.எஸ்சி.க்காரரை விட ஒரு படி மேலே நுழைவது. முதலாவதற்கு எம்.எஸ்சி. பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. இரண்டாவதற்கு உதவும், ஆனால் பட்டத்தை விடக் கைப்பழக்கமே பேசும்.

இந்தத் துறையின் பெரிய பெயர்களைப் பாருங்கள். பாரத் பயோடெக்கை 1996இல் தொடங்கிய கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிக்காரர். விவசாயம் படித்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிஎச்.டி. முடித்தவர். 1978இல் பெங்களூரில் பயோகானைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா விலங்கியல் படித்து, ஆஸ்திரேலியாவில் பியர் வடிக்கும் தொழில்நுட்பம் கற்றவர். குறைந்த விலையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கொண்டுவந்த சாந்தா பயோடெக்னிக்ஸின் வரப்பிரசாத் ரெட்டி எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். இவர்கள் படங்களைப் போட்டு பயோடெக் சீட் விற்கும் பிரசுரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

குறைந்த செலவில் போகும் வழி

தனியார் வாசலுக்குப் போகும் முன் நான்கு தேர்வுகளை எழுதிப் பாருங்கள். செஞ்சியில் இருந்துகொண்டே தயாராகலாம்.

ஜி.ஏ.டி.-பி. என்பது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், நம் மதுரை காமராசர் எனப் பல இடங்கள் இதன் கீழ் வருகின்றன. மதுரை காமராசரில் பயோடெக் முதுநிலை 1980களிலேயே தொடங்கிவிட்டது. அப்போது நாட்டிலேயே விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இந்தப் படிப்பு இருந்தது. இந்தத் திட்டத்தில் சேர்ந்தால் ஃபீஸ் குறைவு என்பதோடு எம்.எஸ்சி. மாணவருக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. கட்டுவதற்குப் பதிலாக வாங்கிக்கொண்டு படிக்கிறீர்கள்.

தேர்வு 3 மணி நேரம், 240 மதிப்பெண். முதல் பகுதியில் 60 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண், எல்லாம் பிளஸ் டூ தரத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். இரண்டாம் பகுதியில் 100 கேள்விகளில் 60க்கு விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிப்பார்கள். நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் முதல் பகுதியில்தான். பிளஸ் டூவில் கணக்கை மூடிவைத்தவர்கள் மூன்று வருடமாக அதைத் திறக்கவே இல்லை. பழைய பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்குங்கள். கோச்சிங் சென்டர் அப்புறம்.

இன்னொன்று ஐ.ஐ.டி.களின் ஜாம், அதில் பயோடெக்னாலஜிக்குத் தனித் தாள். அடுத்தது சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு, புதுவைப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் இதன் வழியே சேர்க்கின்றன. கேட் தேர்வையும் விடாதீர்கள், இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். பி.டெக். முடித்தவர் எம்.டெக். சேர அது ஒரு முக்கிய வழி. ஜாமும் கேட்டும் பிப்ரவரியில் நடப்பவை, விண்ணப்பம் முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். மே மாதத்தில் கண் விழிப்பவருக்கு இவை தாண்டிப் போயிருக்கும். தனியார் பல்கலைக்கழகங்களின் வியாபாரமே அந்த மே மாதத்தில்தான் சூடு பிடிக்கிறது.

தாண்டிப் போய்விட்டது என்றால் ஒரு வருடம் பொறுப்பது குற்றமல்ல. அந்த ஒரு வருடம் ஏதாவது மருந்து, உணவு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்து, இரவில் தேர்வுக்குப் படியுங்கள். 'வருஷம் வீணாப்போச்சு' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் உங்கள் இ.எம்.ஐ.யைக் கட்டப்போவதில்லை.

தனியாரில் சேருவதென்றால், லேபைப் போய்ப் பாருங்கள்

தனியார் எல்லாம் மோசம் என்பது பொய். தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகம் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டப்படி நிகர்நிலைத் தகுதி பெற்றவை. சிலவற்றில் அரசுக் கல்லூரிகளில் பார்க்க முடியாத கருவிகளும், நல்ல ஆய்வு செய்யும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். ஒரே பெயர்ப் பலகையின் கீழ் ஒரு துறை பிரமாதமாகவும் பக்கத்துத் துறை வெறும் பெயருக்காகவும் இருக்கும். பார்க்க வேண்டியது துறையைத்தான்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் நிறுவனங்கள் தாங்கள் அனுப்பிய தரவைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அதில் 'இரண்டு ஆண்டு முதுநிலை' என்ற பட்டியலைத் தேடுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுமட்டச் சம்பளம் எவ்வளவு, மேல்படிப்புக்கு எத்தனை பேர் என்று இருக்கும். அங்கே கவனம் தேவை. எம்.பி.ஏ., எம்.டெக்., எம்.எஸ்சி. எல்லாம் ஒரே வரியில் கலந்துவிடும். எம்.பி.ஏ.க்காரரின் சம்பளத்தில் பயோடெக்கும் பளபளக்கும். ஆகவே துறைக்குப் போன் போட்டு, 'போன வருஷம் எம்.எஸ்சி. பயோடெக்கில் எத்தனை பேர் முடிச்சாங்க, அதில் எத்தனை பேர் நெட் பாஸ், எத்தனை பேர் எந்தக் கம்பெனியில்' என்று தனியாகக் கேளுங்கள். பதில் வர இழுத்தால் அந்த இழுப்பே பதில்.

பிறகு நேரில் போங்கள். 'ஓப்பன் டே' அன்று வேண்டாம், சாதாரண வேலை நாளில் காலை 11 மணிக்குப் போங்கள். அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு, லேபைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஹெச்.பி.எல்.சி. என்று ஒரு கருவி இருக்கும், மருந்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுவது. அதன் பக்கத்தில் லாக் புக் தொங்கும். யார், என்று, எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார்கள் என்ற பதிவு அது. கடைசிப் பதிவு போன வாரமா, தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வந்துபோன மாதமா என்று பாருங்கள். மைக்ரோபைப்பெட்டில் கேலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, அதில் எந்தத் தேதி? ஆட்டோகிளேவ் சூடாக இருக்கிறதா? இன்குபேட்டரைத் திறந்தால் தட்டுகளில் மாணவர் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறதா, வெறுமையாகக் கிடக்கிறதா? பயோடெக் தெரியாத அப்பாவால்கூட இதைப் பார்த்துச் சொல்ல முடியும்.

வெளியே வந்ததும் கேன்டீனில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடியுங்கள்.

"அக்கா, பி.சி.ஆர். நீங்களே போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கோமே."

"தனியாவா?"

"குரூப்பா. பன்னெண்டு பேர். மேடம் போட்டாங்க, நாங்க பார்த்தோம்."

இந்த நாலு வரி உரையாடல் எந்தத் தரவரிசையை விடவும் அதிகம் சொல்லும். பார்த்ததும் செய்ததும் நேர்முகத் தேர்வில் இரண்டு நிமிடத்தில் பிரிந்துவிடும். 'ஆனீலிங் டெம்பரேச்சர் எவ்வளவு வெச்சீங்க, பேண்ட் வரலேன்னா முதல்ல எதைச் சந்தேகப்படுவீங்க?' என்று கேட்பார்கள். தானே செய்து, தானே தோற்றுப் போனவர்தான் அதற்குத் தடுமாறாமல் பதில் சொல்வார்.

நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்ட் எங்கே செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். துறையில் நிதியுதவியோடு ஆய்வு ஓடுகிறதா, உதவித்தொகையோடு ஆய்வு செய்யும் ஜே.ஆர்.எஃப். யாராவது லேபில் இருக்கிறாரா? இருந்தால் அவரோடு ஒட்டிக்கொண்டு நிஜமான வேலை கற்கலாம். 'வெளியே சென்னையில் பண்ணிக்கலாம்' என்றால், காசு வாங்கிக்கொண்டு ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டரில் போய் முடிய வாய்ப்பு அதிகம். அந்த ரிப்போர்ட்டை வைத்து எவரும் வேலை கொடுப்பதில்லை.

ஜி.எம்.பி. என்ற சொல்லைப் பாடத்திட்டத்தில் தேடுங்கள். நல்ல உற்பத்தி நடைமுறை என்பார்கள். மருந்து ஆலையில் எந்தக் காரியத்தையும் எழுதப்பட்ட முறைப்படி செய்து, செய்ததை அப்போதே பதிந்து, கையெழுத்துப் போடும் ஒழுங்கு. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2008இல் கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், இமாசலத்தின் கசோலி ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. காரணம் ஜி.எம்.பி. தரத்தில் குறை. குன்னூர் நிறுவனம் 1907இல் தொடங்கியது; நூறாண்டுப் பெருமையும் அதற்குக் கைகொடுக்கவில்லை. ஆகவேதான் ஹைதராபாத் கம்பெனிக்காரர் புதிதாக வருபவரிடம் ஜீன் எடிட்டிங் பற்றிக் கேட்பதை விட, பேட்ச் ரெக்கார்டில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்கிறார். (ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஒயிட்னர் கூடவே கூடாது.)

இந்தப் பதிவுகளெல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இங்கே பயப்படுவார்கள். தேவையான ஆங்கிலம் பெரிதல்ல. இன்று செய்த சோதனையைப் பத்து வரியில் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தால் போதும். தினம் ஒரு பத்து வரி எழுதினால் ஒரு செமஸ்டரில் கைவந்துவிடும்.

பணக் கணக்கு

ஃபீஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், பஸ் என்று இரண்டு வருடத்துக்கு 4 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10.5 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். தவணை தொடங்கும்போது கடன் 5 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஏழு வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 8,500 ரூபாய்.

இப்போது வரவுப் பக்கம். ஹைதராபாத்தில் முதல் வேலையில் கையில் 20,000 வருவதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலும் சாப்பாடும் 8,000. இ.எம்.ஐ. 8,500. மிச்சம் 3,500. அதில்தான் போன், பஸ், துணிமணி, தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் எல்லாம். வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் நிற்காது. தம்பியோ தங்கையோ அடுத்துப் படிக்கக் காத்திருக்கும் வீட்டில் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். என் கணக்கு இது: மாதத் தவணை முதல் சம்பளத்தின் கால் பங்கைத் தாண்டினால் அந்தப் படிப்பு நமக்குக் கட்டுப்படியாகாது. மேலே சொன்ன உதாரணத்தில் அது 40 சதவீதத்துக்கும் மேல். கடன் 2 லட்சத்துக்குள் அடங்கினால் யோசிக்கலாம்.

கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலப் பட்டாவைக் கொண்டுவா என்றால் கிளை மேலாளரிடம் இதை மரியாதையாக நினைவூட்டலாம். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தரவரிசையில் உள்ள நிறுவனங்களில் சேருபவருக்குப் பிணையில்லாக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் வட்டியில் 3 சதவீதச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேருபவருக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அப்படித்தான், மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் கிடைக்காது. 'இந்த சீட் எந்த ஒதுக்கீட்டில் வருது' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சலுகை என்று கூவியவர்கள் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் மென்று விழுங்குவார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய் முதுநிலைக்கு வராது, அதை நம்பி வரவில் சேர்க்க வேண்டாம்.

ஆராய்ச்சிக்குப் போகிறவருக்குக் கணக்கு வேறு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸ் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்குப் பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரி முதல் உள்ள தொகை இது. பல கம்பெனிகளின் தொடக்கச் சம்பளத்தை விட அதிகம். எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே எழுதலாம். ஆகவே ஆராய்ச்சிதான் வழி என்று முடிவு செய்தவர், சேரும் இடத்தில் நெட் பாஸ் ஆனவர்கள் எத்தனை பேர் என்ற ஒரே எண்ணை வைத்து முடிவெடுத்துவிடலாம். உண்மையாகவே ஆராய்ச்சி பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, இந்திய அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையோடு இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேபில் இருக்கலாம். ஒரே சோதனை எட்டாவது முறையும் வராமல் போன பிறகு மறுநாள் காலை மறுபடி லேபுக்குப் போகத் தோன்றுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் கட்டியே தீர வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்து, லேப் நன்றாக இருக்கிறது, கடன் அடங்குகிறது, ஹைதராபாத்துக்கும் சம்மதம், ஆனால் ஜி.ஏ.டி.-பி. முடிவு இன்னும் வரவில்லை, இங்கே சீட்டும் போய்விடும் என்ற நிலை வரலாம். அப்போது அட்வான்ஸ் கட்டுவதில் தப்பில்லை. யு.ஜி.சி. ஆண்டுதோறும் ஃபீஸ் திருப்பித் தரும் தேதிகளை அறிவிக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்குச் செப்டம்பர் 30க்குள் ரத்து செய்தால் முழுத் தொகை, அக்டோபர் 31க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி என்று சொன்னது. நீங்கள் சேரும் ஆண்டுக்கான அறிவிப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018 முதல் இருக்கும் விதி. 'சர்டிபிகேட் ஆபீஸ்லயே இருக்கட்டும்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள், அழைத்துப் பேசிய ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு அல்ல. ரசீதில் தொகை, தேதி, படிப்பின் பெயர், ஒதுக்கீடு நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.